கூலியின் மேலும் லாபமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மொரீசியஸில் பருப்பு விலை ஏறியதற்குக் கப்பல் கூலிதான் காரணம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரோஸ் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அவர் சொன்னது பாதி உண்மைதான்.

கூலி ஏறியதை நான் மறுக்கவில்லை. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹவுத்திக் கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், பெரிய கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஒரு பயணத்துக்குப் பத்து நாள்போலக் கூடுதல். கப்பலும் கன்டெய்னரும் அத்தனை நாள் கடலிலேயே கிடந்தால் மற்றவர்களுக்கு இடம் ஏது? செங்கடல் பக்கமே போகாத தடங்களிலும் கூலி ஏறியது. உணவில் பெரும்பகுதி போர்ட் லூயித் துறைமுகம் வழியாக வரும் நம் தீவு அதற்குத் தப்ப முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி கன்டெய்னரில் சுமார் 24 டன் பருப்பு ஏறும். கூலி 1,000 டாலர் கூடினாலும் கிலோவுக்கு நம் மொரீசியஸ் பணத்தில் ஏறக்குறைய 2 ரூபாய்தான். இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, என்னைப் போன்ற சில்லறைக்காரர் எல்லோரும் அடக்கவிலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று லாபம் வைக்கிறோம். அந்த அடக்கத்துக்குள் கூலியும் இருக்கிறது. ஆளுக்கு 15 சதவீதம் என்றாலே 2 ரூபாய் 3 ரூபாயாகிவிடும். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. காசு மட்டும் கூடிவிட்டது.

தைப்பூசக் காவடிக்கு வாங்கும் பித்தளைச் செம்பின் நிலை இன்னும் மோசம். உள்ளே வெற்றிடம் என்பதால் எடை ஏறுமுன் கன்டெய்னர் நிறைந்துவிடும்; ஒரு செம்பின் தலையில் விழும் கூலி அதிகம். போதாததற்கு, இங்கே வரி போடுவதற்காகச் சுங்கத்துறை கணக்கிடும் மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். அந்த மொத்தத்தின்மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி. கூலி 10 ரூபாய் ஏறினால் அரசுக்கும் ஒன்றரை ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஏறிய கூலிக்காவது இந்த வரியை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

வியாபாரிகளும் லாபத்தைச் சதவீதமாக இல்லாமல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வைக்கலாம். சில மாதங்களாகப் பருப்புக்கு நான் அப்படித்தான் வைக்கிறேன். பில்லில் கப்பல் கூலியைத் தனியாக எழுதித் தாருங்கள் என்று என் மொத்த வியாபாரியிடமும் கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. அடுத்த சரக்கு எடுக்கும்போதும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.