செயின்ட்ஸ் கிளப்புக்கு ஒரு திறந்த மடல்: இந்த வருஷம் பத்தாவது இடம் போதும்னு சொல்லிடாதீங்க

மெல்பர்ன் மூராபின் லிண்டன் ஸ்ட்ரீட்ல இருக்கற, ஏஎஃப்எல் லீக்ல ஆஸ்திரேலியன் ஃபுட்பால் (ஃபுட்டி) ஆடற செயின்ட் கில்டா ஃபுட்பால் கிளப் நிர்வாகத்துக்கும், கோச் ராஸ் லயன் சாருக்கும்,

வணக்கம்ங்க. நான் டான்டினாங் பக்கம் இருக்கேன், 2008ல சேலத்துலேர்ந்து மெல்பர்ன் வந்தேன், வந்த மறுவருஷத்துலேர்ந்து உங்க டீம் ஆள். என் பொண்ணு இங்க பொறந்தவ, அவ நடக்க ஆரம்பிச்சதே சிவப்பு வெள்ளை கருப்பு மஃப்ளர் புடிச்சுக்கிட்டுதான். இந்த மடலை தமிழ்ல எழுதறேன், ஏன்னா மனசுல இருக்கறது தமிழ்லதான் முழுசா வருது, அதோட இந்தப் பக்கம் ஃபுட்டி பாக்கற தமிழ் வீடுங்க நிறைய இருக்கு அவங்களும் படிக்கட்டும். பொண்ணு இங்கிலீஷ்ல எழுதித் தரேன்னு சொல்லியிருக்கா, அது உங்களுக்குத் தனியா வரும்.

முதல்ல ஒரு கணக்கு சொல்றேன். நம்ம தமிழ் வருஷத்துக்கு 60 பேர் இருக்கு, 60 முடிஞ்சா திரும்ப முதல்லேர்ந்து வரும். இந்த 2026 சித்திரைல பொறக்கப்போறது பராபவ வருஷம். இதுக்கு முன்னாடி பராபவ எப்ப வந்துச்சுன்னு பாத்தா 1966 சித்திரை. அந்த வருஷம் செப்டம்பர் 24ந்தேதி எம்சிஜில (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட்) காலிங்வுட்டை 74க்கு 73ன்னு ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சு நம்ம கிளப் ஃப்ளாக், அதாவது லீக் சாம்பியன் பட்டம், வாங்குச்சு, 1873ல ஆரம்பிச்ச கிளப்புக்கு அதுதான் முதல் ஃப்ளாக் அதுதான் கடைசி ஃப்ளாக். பராபவன்னா தோல்வின்னு அர்த்தம் சொல்லுவாங்க, ஆனா அந்தப் பேர் வெச்ச வருஷத்துலதான் நாம ஜெயிச்சோம். அந்த வருஷம் திரும்ப வருது. எங்க ஊர்ல ஒருத்தருக்கு 60 முடிஞ்சா ஊரைக் கூட்டி அறுபதாம் கல்யாணம் பண்ணுவோம், ஒரு சுத்து முடிஞ்சு இன்னொரு சுத்து ஆரம்பிக்குதுன்னு. அதனாலதான் இந்த சீசனை மத்த சீசன் மாதிரி என்னால பாக்க முடியல.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா இருக்காரு. 66ல அவருக்கு 14 வயசு, அப்பாவோட எம்சிஜில நின்னு பாத்திருக்காரு. கடைசி நேரத்துல நம்ம பேரி பிரீன் அடிச்ச பந்து நேரா போகாம தட்டுத் தடுமாறி பிஹைண்ட்ல (கோல் கம்பத்துக்குப் பக்கத்துல, ஒரு பாயிண்ட்தான்) போச்சு பாருங்க, அந்த ஒரு பாயிண்ட்டை அவர் சொல்லும்போது இன்னிக்கும் கை நடுங்கும். அன்னிக்கு கேப்டன் டாரல் பால்டாக், கோச் ஆலன் ஜீன்ஸ் இவங்க பேரெல்லாம் எனக்கு அவர் வாயாலதான் பழக்கம். அந்த ஒரு பிஹைண்டை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் 60 வருஷம் ஓட்டியிருக்காரு. அவருக்கு நாம இன்னொண்ணு குடுக்கணும்ங்க.

நான் வந்ததுக்கு அப்புறம் நடந்ததை ரொம்ப இழுக்கல. 2009ல வரிசையா 19 மேட்ச் ஜெயிச்சு கிராண்ட் ஃபைனல் போய் ஜீலாங்கிட்ட 12 பாயிண்ட்ல விட்டோம். 2010ல காலிங்வுட்டோட 68க்கு 68 டிரா, கடைசில நம்ம மில்னேக்கு முன்னாடி பந்து திரும்பின விதத்தை இன்னும் கனவுல பாக்கறேன், அடுத்த சனிக்கிழமை திரும்ப ஆடி 56 பாயிண்ட்ல தோத்தோம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போறதுன்னா என்னன்னு அந்த ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டேன். ராஸ் சார், அப்பவும் நீங்கதான் கோச், அதனால உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் 2016ல புல்டாக்ஸ் 62 வருஷத்துக்கு அப்புறம் வாங்கினாங்க, 2017ல ரிச்மண்ட் 37 வருஷம் கழிச்சு, 2021ல மெல்பர்ன் டீம் 57 வருஷம் கழிச்சு. ஒவ்வொருத்தரா கடனை அடைச்சுட்டுப் போய்ட்டாங்க. ஒரு தடவை ஃப்ளாக் வாங்கிட்டு ரொம்ப நாளா காத்திருக்கற கிளப்னு இப்ப மிச்சம் இருக்கறது நாமதான்.

சரி, இந்த சீசனுக்கு வரேன்.

போன வருஷம் 9 ஜெயம் 14 தோல்வி, 12வது இடம். அதுக்கு முந்தின வருஷமும் 12வது. ஆனா போன வருஷத்துல ஒரே ஒரு மேட்சை மட்டும் நான் தனியா எடுத்து வெச்சிருக்கேன். ஜூலை 27, மார்வெல் ஸ்டேடியத்துல மெல்பர்ன் டீமோட ஆடினது. மூணு குவார்ட்டர் முடிஞ்சப்ப 46 பாயிண்ட் பின்னாடி. எங்களைச் சுத்தி இருந்தவங்க எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சாங்க, நானும் ரயிலுக்குக் கிளம்பலாம்னு பையை எடுத்தேன், பொண்ணு மட்டும் அசையல, நம்ம நசையா வாங்கனீன் மிலேராவைக் காட்டி "நாஸ் இன்னும் ஆடிட்டுதான்ப்பா இருக்கான்"னு சொன்னா. உக்காந்தேன். அப்புறம் நடந்ததை நீங்க பக்கத்துலேர்ந்து பாத்தீங்க, ஸ்கோர் சமமாச்சு, சில செகண்ட்தான் பாக்கி, 6-6-6 விதியை (நடுவுல பந்து போடும்போது முன்னாடி, நடுவுல, பின்னாடி ஆறு ஆறு பேர் நிக்கணும்) அவங்க மீறினதுனால நடுவுல நம்ம மார்ஷலுக்கு ஃப்ரீ கிக், அவர் தூக்கி அடிச்சதை நசையா வாங்கனீன் மிலேரா மார்க் புடிச்சான் (பந்தைக் கீழ விழாம கையில வாங்கினான்), சைரன் அடிச்சதுக்கு அப்புறம் நின்னு நிதானமா கோல் போட்டான். மூணு குவார்ட்டர் முடிவுல அவ்வளவு பின்தங்கின டீம் திரும்பி வந்து ஜெயிச்சது லீக் வரலாறுலயே அதுக்கு முன்னாடி கிடையாது. பக்கத்து சீட்ல யார்னே தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க.

இதை எதுக்கு சொல்றேன்னா, அந்த கடைசி குவார்ட்டர்ல ஆடின அதே பசங்கதான் மத்த 14 மேட்சும் தோத்தாங்க. அப்ப திறமை இல்லாம இல்ல. பந்து நம்ம கைக்கு வந்தா வேகமா முன்னாடி போறோம், வராதப்பதான் மொத்தமும் சரியுது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நீங்க இந்த கோடைல கடைக்குப் போனீங்கன்னு நான் புரிஞ்சுக்கறேன்.

நல்ல ஷாப்பிங்தான், மனசார சொல்றேன். கார்ல்டன்லேர்ந்து டாம் டி கோனிங், ஜாக் சில்வானி, கோல்ட் கோஸ்ட்லேர்ந்து சாம் ஃப்ளாண்டர்ஸ், வெஸ்ட் கோஸ்ட்லேர்ந்து லியாம் ரயன். ஒரே ஆஃப் சீசன்ல இவ்வளவு பேரை நம்ம கிளப் கொண்டு வந்து நான் பாத்ததில்ல. பின்வரிசைல, 2024 முடிவுல ஜாஷ் பேட்டில் ஹாதார்ன் டீமுக்குப் போனதுலேர்ந்து வில்கி ஒத்தையா தூக்கிச் சுமந்தாரு, இப்ப சில்வானி வந்தா அவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், சின்க்ளேரும் பின்னாடியே கட்டுண்டு கிடக்காம ஓடலாம். முன்னாடி லியாம் ரயன் இருந்தாலே எதிராளி டிஃபெண்டர் ஒருத்தன் பயந்துக்கிட்டே நிப்பான். அவர் 2018ல ஃப்ளாக் வாங்கின ஆளு, கிராண்ட் ஃபைனல் நாள் எப்படி இருக்கும்னு நம்ம பசங்களுக்கு உள்ளேர்ந்து சொல்ல அப்படி ஒருத்தர் வேணும்.

ஆனா எனக்கு நிஜமா ஆசை டி கோனிங் மேலதான். இந்த வருஷம் விதிகள் மாறுது, அம்பயர் நடுவுல பந்தைத் தரைல அடிச்சு பவுன்ஸ் பண்றது போச்சு, இனிமே மேல தூக்கிப் போடறதுதான். பந்து ஒழுங்கா நேரா மேல போச்சுன்னா எம்பிக் குதிச்சு முதல்ல பந்தைத் தட்டி விடற ரக்மேனுக்குத்தான் லாபம், டி கோனிங் அந்த உடம்பையும் துள்ளலையும் வெச்சுக்கிட்டு அங்க சும்மா இருக்க மாட்டார். அவர் தட்டி விடற பந்து நேரா நாஸ் கையில, இல்ல ஃப்ளாண்டர்ஸ் கையில, இல்ல விண்ட்ஹேகர் கையில விழுந்துச்சுன்னா, எதிராளி டீம் நின்னு யோசிக்கறதுக்குள்ள நாம ஃபிஃப்டிக்குள்ள (கோலுக்கு 50 மீட்டருக்குள்ள) இருப்போம். போன வருஷம் வரைக்கும் இந்த முதல் அடியே நமக்கு சரியா விழாம நாஸை பின்னாடியும் நடுவுலயும் மாத்தி மாத்தி ஓட விட்டோம். சார், தயவுசெஞ்சு அவனை இந்த வருஷம் நடுவுலயே விடுங்க. வீட்டுக்கு நல்லா சமைக்கற ஒருத்தர் இருக்கப்ப அவரை வாசல் பெருக்க அனுப்ப மாட்டோம்ல.

மார்ஷலும் டி கோனிங்கும் ரெண்டு பேரும் ரக்மேன், ஒரே டீம்ல எப்படின்னு கேக்கறாங்க. எனக்கு அதுல பயம் இல்ல. சப்ஸ்டிட்யூட் முறை போய் பெஞ்ச்ல 5 பேர்னு ஆயிருக்கு, ஒருத்தர் ரக் பண்ணும்போது இன்னொருத்தர் முன்னாடி நிக்கலாம், ஓய்வும் எடுக்கலாம். எனக்குப் பயம் மேக்ஸ் கிங் முழங்கால்ல. 2022ல 52 கோல் போட்ட பையன் போன வருஷம் ஒரு மேட்ச் கூட ஆட முடியாம உக்காந்திருந்தான். அவன் திரும்பி வந்தா நம்ம முன்வரிசையே வேற, ஆனா வருவான்னு நம்பி எல்லாத்தையும் அவன் தலைல வெக்காதீங்க, முதல் மாசத்துலயே அவசரப்பட்டு இறக்கவும் வேண்டாம். அவன் இல்லாமலே ஒரு மேட்ச்ல 90 பாயிண்ட் எடுக்கற வழியை மிட்ச் ஓவன்ஸ், ஷார்மன், ரயன் வெச்சு இப்பவே பழகிக்கணும். அவன் ஜூன்ல வந்தாலும் அது மேல வர்ற லாபமா இருக்கட்டும்.

இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயம். இந்த வருஷத்துலேர்ந்து லீக்ல வைல்ட்கார்ட் வந்துடுச்சு, 7வது டீம் 10வதோட, 8வது டீம் 9வதோட ஆடி, ஜெயிக்கறவங்கதான் ஃபைனல்ஸுக்குள்ள (ஃப்ளாக்குக்கான கடைசிச் சுத்து மேட்சுகள்) போவாங்க. போன வருஷம் 10வது இடத்துல இருந்த சிட்னி 12 ஜெயிச்சிருந்தாங்க, நாம 9. இன்னும் மூணு ஜெயம் எடுத்தா 10வது இடம். இவ்வளவு பேரை வாங்கிட்டு அந்த மூணு கூடுதல் ஜெயம் வரலைன்னாத்தான் அதிசயம். அதனால ஆகஸ்ட் கடைசில 9வதோ 10வதோ வந்து நின்னு, "செப்டம்பர் ஃபுட்டிக்கு வந்துட்டோம், முன்னேற்றம்தான்"னு நீங்க ஒரு அறிக்கை விடுவீங்களோன்னு எனக்குக் கவலையா இருக்கு. விட்டுடாதீங்க சார். அது முன்னேற்றம் கிடையாது, லீக் வாசலை அகலமாக்கினதுனால உள்ள வந்தது.

கணக்கு போட்டுப் பாருங்க. முதல் நாலுல முடிச்சா முதல் வாரம் ஜெயிச்சு, ஒரு வாரம் ஓய்வெடுத்து, மொத்தம் மூணு ஜெயத்துல ஃப்ளாக். அஞ்சு ஆறுல முடிச்சா நாலு ஜெயம். ஏழுலேர்ந்து பத்துக்குள்ள முடிச்சா ஓய்வே இல்லாம அஞ்சு வாரம் அஞ்சு ஜெயம். ஒரு ஃபைனல் ஜெயிச்சே 2020லேர்ந்து வருஷக்கணக்காச்சு நமக்கு, அஞ்சு வரிசையா ஜெயிப்போம்னு நான் எப்படிங்க நம்பறது. அதனால நான் கேக்கறது முதல் ஆறு. ஆறுக்குள்ள முடிக்கணும்னு வெளிப்படையா இப்பவே சொல்லுங்க. போன வருஷம் நாலாவதா வந்த காலிங்வுட் 16 ஜெயிச்சாங்க, அதை உடனே நான் கேக்கல, ஆனா 14, 15 ஜெயம் இந்த டீமால முடியாதுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். என் மனசுல இருக்கறது 14. அடிலெய்ட், பிரிஸ்பேன், பெர்த்னு விமானம் ஏறிப் போற மேட்ச்ல பாதியாவது எடுக்கணும், கீழ இருக்கற டீம்கிட்ட ஒண்ணு கூட விடக்கூடாது, அது போதும் 14க்கு.

அவசரம் ஏன்னா, நாஸ் கையெழுத்து போட்டிருக்கறது 2027 முடிய மட்டும்தான். தெற்கு ஆஸ்திரேலியா பையன், அவன் ஊர் கிளப்புங்க ரெண்டும் கூப்பிட்டப்பவும் நம்மகூட இருக்கேன்னு நின்னான். அன்னிக்கு எங்க வீட்ல பாயசம் வெச்சோம். ஆனா ரெண்டே வருஷத்துக்கு ஏன் போட்டான்னு நாமளே புரிஞ்சுக்கணும், ஜெயிக்கற டீமா மாறுவீங்களான்னு பாக்கறேன்னு அவன் நமக்கு அவகாசம் குடுத்திருக்கான். இதுல ஒரு வருஷத்தை "பழகறதுக்கு"ன்னு ஓட்டிட்டா மிச்சம் ஒண்ணுதான். வாங்கின ஆளுங்களுக்குக் குடுக்கற காசை விட அவனுக்குக் குடுக்க வேண்டிய ஜெயம்தான் பெரிய பாக்கி.

அதே சமயம் சின்னப் பசங்களை மறந்துடாதீங்க. அலிக்ஸ் டாரு பந்துக்குப் பறக்கறதைப் பாத்தா ஸ்டேடியமே எந்திரிக்குது, பிலிப்பூ இன்னும் முழுசா காட்டல. பெரிய பேர் வந்துடுச்சுன்னு இவங்களை சாண்ட்ரிங்ஹாம் ரிசர்வ்ஸ்ல தள்ளிட்டா மனசு ஒடிஞ்சுடும். ஜாக் ஸ்டீல் மாதிரி கேப்டனா இருந்து எல்லாத்தையும் குடுத்த மனுஷன் மெல்பர்ன் டீமுக்குப் போனது எனக்கு இன்னும் ஆறல, அவர் இடத்தை ரொப்பறது காசால ஆகாது, இந்த சின்னப் பசங்கள்லேர்ந்து ஒருத்தன் வளர்ந்துதான் ஆகணும்.

எங்க வீட்டு மெம்பர்ஷிப் மூணும் புதுப்பிச்சாச்சு. இந்தத் தடவை நாலாவதா பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் சேத்துப் போட்டிருக்கேன், படி ஏறக் கஷ்டப்படறாரு, அதனால கீழ் வரிசைல சீட். ஏப்ரல்ல பராபவ பொறக்கற அன்னிக்கு அவரை எங்க வீட்டுக்கு சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். செப்டம்பர் 24 இந்த வருஷம் வியாழக்கிழமை வருது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சனிக்கிழமை எம்சிஜில அவரைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் தயார்.

இப்படிக்கு,
டான்டினாங்லேர்ந்து ஒரு செயின்ட்ஸ் குடும்பம்