நோயாளியின் கட்டிலருகே பாடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்தால் கேரல் குழுக்கள் வீடுகளுக்குப் போவதுபோல் மருத்துவமனைகளுக்கும் போகின்றன. மற்ற மாதங்களில் சபைகளின் சந்திப்பு ஊழியக் குழுவினர் வார்டுகளில் பாடி ஜெபிக்கிறார்கள். பாட்டு நோயாளியைத் தேற்றும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. போதகர்களுக்கு நாங்கள் கற்றுத்தருவதே அதைத்தான். ஆனால் கிதார், டிரம், ஒலிபெருக்கி சகிதம் பத்துப் பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்துகொண்டால் நோயாளி களைத்துப்போகிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம்.

கட்டிலருகே இரண்டு பேர் போதும். இரண்டு மூன்று பாட்டு, கால் மணி நேரம். முதலில் வார்டு சிஸ்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு நோயாளியிடம் கேட்க வேண்டியவை: பாடலாமா, எந்தப் பாட்டு, எந்தப் பாட்டு வேண்டாம். கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. அடக்க ஆராதனையில் வழக்கமாகப் பாடும் பாமாலை (சபைப் பாட்டுப் புத்தகம்) பாட்டை ஆபரேஷனுக்கு முந்தைய இரவில் எடுத்தால் கேட்பவர் மனம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். அவர் விரும்புவது பழைய சினிமாப் பாட்டு என்றால் அதையே பாடுங்கள். மூப்பர்கள் சிலருக்கு இது ஒப்பாது. நாம் அங்கே ஆராதனை நடத்தப் போகவில்லையே.

கோவிலில் பாடும் சுருதியிலிருந்து ஒன்று, ஒன்றரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். படுத்திருப்பவருக்கு மூச்சு நீளாது. கூடப் பாட முயன்று, பாதியில் திணறி, பாடக்கூட முடியவில்லையே என்று நொந்துபோவார். குரல் சாதாரணப் பேச்சுச் சத்தத்தைத் தாண்ட வேண்டாம். பதற்றத்தில் மேல்மூச்சு வாங்குகிறவரிடம் எடுத்த எடுப்பில் தாலாட்டு நடை ஒட்டாது. அவருடைய வேகத்திலேயே தொடங்கி, சரணத்துக்குச் சரணம் தணித்து, நிமிடத்துக்கு 60 முதல் 70 தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இசைச் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது.

துக்கத்துக்கும் அதே கணக்குதான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் கைதட்டி வெற்றிப் பாட்டுப் பாடுவது கொடுமை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:20. தாவீது சுரமண்டலம் வாசிக்கச் சவுல் ராஜா ஆறுதலடைந்ததை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்கிறோம். இரண்டு அதிகாரம் தள்ளி, அதே வாசிப்பின் நடுவில் சவுல் ஈட்டியை எறிந்ததும் எழுதியிருக்கிறது. துக்க வீட்டில், இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். பாட்டுக்கு நேரம் வந்தால் அவர்களே கேட்பார்கள்.

பாட்டு முடிந்ததும் உடனே ஜெபத்துக்குத் தாவாதீர்கள். இரண்டு நிமிடம் பேசாதிருந்தால் பெரும்பாலும் நோயாளியே வாய் திறப்பார். ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) தொடங்குவது அங்கேதான். 'இப்போது எப்படியிருக்கிறது?' என்று கேட்டால் நம் மனம் கோணாமலிருக்க 'நன்றாக இருக்கிறது' என்பார். 'பாட்டின் எந்த வரி மனதில் நின்றது?' என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், அடுத்த பாட்டால் மூடாதீர்கள்.

மறதி நோயுள்ள முதியவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபத்திலும் மனப்பாடமான பாட்டுகளே எட்டும். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைகளைப் பழைய மெட்டிலேயே, முன்னிசை இல்லாமல் பாட வேண்டும். கீபோர்டில் புது முன்னிசை வாசித்தால் எந்தப் பாட்டென்றே பிடிபடாது.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் சிலர் பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்கள். பேச்சு பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. பாடும்போது வலப்பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது. இதை வைத்து 1973இலேயே ஒரு பேச்சுப் பயிற்சி முறை வந்துவிட்டது. உடனே அற்புதம் என்று சாட்சி சொல்லிவிட்டால், மறுநாள் தண்ணீர் என்று கேட்க வராதபோது தன் விசுவாசம்தான் குறைவு என்று அந்த மனிதர் எண்ணிக்கொள்வார். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

மனநோயில் இன்னும் கவனம் வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவரை முழு இரவு ஜெபத்துக்கும் பாட்டுக்கும் அழைத்துப்போகாதீர்கள். தூக்கம் கெட்டாலே பித்துநிலை (மட்டுமீறிய மனக்கிளர்ச்சி) கிளம்பக்கூடும். காதில் குரல் கேட்பவருக்குப் பாடுமுன் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். இன்ன ராகம் சர்க்கரையைக் குறைக்கும் என்று பட்டியல் கொடுப்பவர்களை நம்பி மருந்தை நிறுத்த விடாதீர்கள்.

கேரல் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனை அனுமதித்தால் முழுக் குழுவும் வெளி முற்றத்தில் பாடட்டும். வார்டுக்குள், கேட்டுக்கொண்டவர்களின் கட்டிலுக்கு மட்டும், வாத்தியமில்லாமல் இரண்டிரண்டு பேராகப் போகட்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதை ஒத்திகையின்போதே முடிவு செய்துவிடுங்கள்.

சந்திப்பு ஊழியப் பயிற்றுநர்கள்,
பாளையங்கோட்டை.