மாத்திரை அட்டையைப் படிக்க முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்கு வயது 74. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே மாதிரி வெள்ளி அட்டையில் வருகின்றன. பளபளக்கும் தாளில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருப்பதை நானே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத்தான் படிக்கிறேன். கடையில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி பெரும்பாலும் மிச்ச அட்டையோடு அங்கேயே தங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டு மருந்துகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம், சரி, பட்டன் போன் வைத்திருக்கும் அம்மா அதை வைத்து என்ன செய்வார்? ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயரும் தேதியும், அட்டையில் எதற்கான மருந்து என்று தமிழிலும் அச்சிடுங்கள். இப்போதைக்கு மார்க்கர் பேனாவால் ‘காலை’, ‘ராத்திரி’ என்று எழுதி வைக்கிறேன், அதுவும் ரெண்டே நாளில் அழிந்துவிடுகிறது.

ஒரு வாசகர், மதுரை