அயோடின் இப்போதைக்கு இல்லை, நன்றி மட்டும் நிறைய இருக்கிறது

எல்லாருக்கும் வணக்கம்.

போனில் கேட்டவர்கள், வீட்டுக்கே வந்து கேட்டவர்கள், என்னிடம் கேட்கத் தயங்கி வீட்டுக்காரரிடம் ஜாடைமாடையாக விசாரித்தவர்கள், எல்லாருக்கும் சேர்த்து முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தைராய்டுப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தபிறகு கொடுக்கும் ரேடியோ அயோடின் சிகிச்சையை இப்போதைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, கழுத்து ஸ்கேன் என்று கண்காணித்துக்கொண்டு வருவது என முடிவாகியிருக்கிறது. இது டாக்டர்களோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு, பயந்து ஓடி வந்தது இல்லை. அத்தை, இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

நன்றி சொல்லும் வரிசையில் முதல் ஆள் டாக்டர் இல்லை, எங்கள் தெருத் தையல் அக்கா. மார்கழியில், கொழுந்தன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கழுத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தவர், டேப்பைக் கையில் பிடித்தபடியே “எச்சில் முழுங்குங்க பார்ப்போம்” என்றார். முழுங்கினேன். “இடது பக்கம் என்னமோ ஏறி இறங்குதே, போன தடவை இது இல்லையே” என்றார். தைராய்டில் இருக்கும் கட்டி விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து ஏறி இறங்கும். டாக்டர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அக்காவின் தங்கைக்குக் கழலை வந்து பார்த்த அனுபவம் அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கோ வலி இல்லை, குரல் மாறவில்லை, தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். நார்மல். தைராய்டு புற்று இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு டி.எஸ்.எச். சரியாகத்தான் இருக்குமாம். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கும் கட்டியோடுதான் அலைந்துகொண்டிருப்பேன். அக்கா, ஜாக்கெட்டும் பிரமாதம்.

ஸ்கேனில் டைராட்ஸ் 5 என்று வந்தது, புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். ஊசி வழியாகச் செல் எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யில் பெதஸ்டா 6. அந்த வரிசை ஆறோடு முடிகிறது, ஆறு என்றால் புற்றுதான் என்று சொல்லிவிடலாம். பாப்பிலரி வகை. தைராய்டில் வரும் புற்றுகளில் ஏறக்குறைய பத்தில் எட்டு இந்த வகைதான். ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில், கவுன்ட்டரில் இருந்தவர் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதை வாசித்துக் காட்டியதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, நன்றி மடலில் எதற்கு அது.

அன்று சாயங்காலம் மைனிக்குப் போன் செய்தேன். அவர் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எப்போ தொடங்குது?” என்று மட்டும் கேட்டார், ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார், பரீட்சை முடிகிற வரைக்கும் எங்கள் அடுப்படி அவருடையது. நான் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் மகள் கணக்குப் பரீட்சைக்குக் காம்பஸ் பாக்ஸைத் தொலைத்துவிட்டு ரகளை பண்ணியிருக்கிறாள், அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அந்த மறைப்புக்கும் சேர்த்து நன்றி மைனி.

“தைராய்டுன்னா நல்ல கேன்சர்தான், பயப்படாதே” என்று நிறையப் பேர் சொன்னீர்கள். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அது போதவில்லை. உதவியது சர்ஜன் பேசிய விதம். நோயின் நிலையைக் கணக்கிடும்போது தைராய்டில் வயதும் சேர்கிறது, 55 வயதுக்குக் கீழே இருந்தால் பாப்பிலரி வகைக்கு 1, 2 என்று இரண்டே நிலைகள்தான், உங்களுக்கு 42 என்றார். இரண்டு பக்கமும் கட்டி தெரிவதால் பாதியை மட்டும் எடுப்பதைவிட முழுச் சுரப்பியையும் எடுத்துவிடலாம் என்று காரணத்தோடு சொன்னார். குரலுக்குப் போகும் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பிகள் சாதாரணமாக நான்கு பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அரிசி அளவுதான், அவற்றைக் காப்பாற்றுவதுதான் எங்களுக்குப் பெரிய வேலை என்று ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த அரிசிகள் எனக்குக் கொஞ்சம் விளையாட்டுக் காட்டின. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ராத்திரி நர்ஸ் சிஸ்டர் வந்து, “விரல் நுனி மரத்துப்போகுதா? வாயைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தார், மறுபடியும் இல்லை என்றேன். விடியப்போகும் நேரத்தில் உதட்டோரம் சுறுசுறு என்று ஆரம்பித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்திராவிட்டால் அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது, படுத்த வாக்கில் மரத்துப்போயிருக்கிறது என்று புரண்டு படுத்திருப்பேன். உடனே ரத்தம் எடுத்தார்கள், கால்சியம் குறைந்திருந்தது, டிரிப்பில் கால்சியத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டு சிஸ்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும்போது மாத்திரை அட்டவணை எழுதிக் கொடுத்ததும் அவர்தான்: எடுத்துவிட்ட சுரப்பிக்குப் பதிலாகப் போடும் ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் விடிந்ததும் வெறும் வயிற்றில், காபி அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது கழித்து, கால்சியம் நான்கு மணி நேரம் தள்ளி, இரண்டையும் சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. இப்போது கால்சியம் மாத்திரையை நிறுத்தியாயிற்று. சிஸ்டர், உங்கள் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை, வார்டில் யாராவது இதை உங்களிடம் காட்டினால் சந்தோஷப்படுவேன்.

இனி நான் பார்த்தே இராத ஒருவருக்கு. மைக்ரோஸ்கோப்பில் என் கட்டியைப் பார்த்து பயாப்ஸி ரிப்போர்ட் எழுதிய பேதாலஜி டாக்டருக்கு. தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான், எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். கட்டி 1.7 சென்டிமீட்டர். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை. சுரப்பியைத் தாண்டி வெளியே போகவில்லை. ரத்தக் குழாய்க்குள் நுழையவில்லை. எடுத்த நெறிக்கட்டிகள் எல்லாம் சுத்தம். அடுத்து என்ன என்று எல்லா டாக்டர்களும் பேசியது இந்த வரிகளை வைத்துத்தான். ஆபரேஷன் செய்தவரை எல்லாரும் கும்பிடுகிறோம், இவரை யாரும் பார்ப்பதே இல்லை.

ரிப்போர்ட் இவ்வளவு நன்றாக இருந்தும், அடுத்தது அயோடின் என்றுதான் முதலில் சொன்னார்கள். தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்ளும், அதனால் கதிரியக்க அயோடினை மாத்திரையாகக் கொடுத்தால் ஆபரேஷனில் மிஞ்சிய துணுக்குகளைத் தேடிப் போய் எரித்துவிடும். எனக்குச் சொன்னது 30 மில்லிகியூரி, சின்ன டோஸ். அதைச் சொன்ன டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. துணுக்கு எதுவும் மிச்சம் இல்லாவிட்டால் பிற்பாடு தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக் கண்காணிப்பது சுலபம் என்று காரணத்தையும் சொன்னார். ஆனால் தேதி போடும் இடத்தில் இருந்தவர், “அடுத்த வாரம் ரூம் காலி, இப்பவே பணம் கட்டினாத்தான், விட்டா எப்போ கிடைக்கும்னு தெரியாது” என்று விரட்டினார். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி அவசரப்படுத்தினால் எனக்கு எப்போதுமே ஒரு வீம்பு வந்துவிடும். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், “சரி, யோசிச்சுச் சொல்றோம்” என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்த நல்ல காரியங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் அண்ணாச்சியின் மகன் சென்னையில் மேல்படிப்புப் படிக்கும் டாக்டர். அந்தத் தம்பிதான் 2022இல் பிரான்சில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். குறைந்த அபாயம் உள்ள 776 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 மில்லிகியூரி அயோடின் கொடுத்திருக்கிறார்கள், மறு பாதிக்குக் கொடுக்காமல் கண்காணித்திருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கணக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிரச்சினை இல்லை. தம்பியிடம் எனக்குப் பிடித்தது என்னவென்றால், “அதனால அயோடின் வேண்டாம்க்கா” என்று அவர் சொல்லவே இல்லை. “அந்த ஆய்வில இருந்தவங்க எல்லாம் கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, நெறிக்கட்டிக்குப் பரவாதவங்க. உங்க ரிப்போர்ட் அதுல பொருந்துதான்னு இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க, சிலைடையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க” என்றார்.

அப்புறம் சிலைடு, பிளாக் எல்லாவற்றையும் லேபில் இருந்து வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனோம். பிளாக் என்பது என் கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னச் சின்னக் கட்டைகள். லேப் தம்பி அவற்றைப் பஞ்சு வைத்துச் சுற்றி டப்பாவில் போட்டுக் கொடுத்து, “சித்திரை வெயில்மா, ஜன்னலோரம் வைக்காதீங்க, காருக்குள்ள விட்டுட்டு இறங்கிடாதீங்க, மெழுகு இளகிடும்” என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார். ரயிலில் ராத்திரி முழுக்க டப்பா என் மடியில்தான் இருந்தது. என் உடம்பில் இருந்து வெளியேற்ற அத்தனை பாடுபட்டதை இத்தனை அருமையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறோமே என்று சிரிப்பு வந்துவிட்டது, எதிர் சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

சென்னையில் சிலைடுகளை மறுபடி பார்த்துவிட்டு முதல் ரிப்போர்ட் சரிதான் என்று சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பின் பார்த்த தைரோகுளோபுலின் 1க்குக் கீழே, அந்தப் பரிசோதனையைக் குழப்பும் ஆன்டிபாடியும் இல்லை, ஸ்கேனில் கழுத்து சுத்தம். பல துறை டாக்டர்கள் கூடிப் பேசிவிட்டு, எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை, எடுக்காவிட்டாலும் தப்பில்லை, பின்னால் தேவைப்பட்டால் அப்போது கொடுத்துக்கொள்ளலாம், நீங்கள் சொல்லுங்கள் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ‘இதைச் செய்’ என்று சொல்லியிருந்தால் செய்துவிட்டுப் போயிருப்பேன்.

அங்கே காத்திருந்த இடத்தில் பேச்சுக் கொடுத்த சிவகாசி அக்காவுக்கு இங்கே ஒரு பெரிய நன்றி. நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்ததால் அவருக்குப் பெரிய டோஸ் கொடுத்திருக்கிறார்கள். தனி அறை, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் பேச வேண்டும், தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பாத்ரூமில் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும். எச்சில் சுரப்பி வீங்காமல் இருக்கப் புளிப்பு மிட்டாய் சப்பச் சொன்னார்களாம், அப்படியும் கன்னம் கொஞ்ச நாள் வீங்கி, ரசம் ருசியே தெரியாமல் போய்த் திரும்பி வந்ததாம். பயமுறுத்தாமல், பூசி மெழுகாமல் சொன்னார். “எனக்குத் தேவை இருந்துச்சு, எடுத்தேன். உங்களுக்குத் தேவையான்னு பாருங்க” என்றார். அவரைக் கேட்டபிறகு பயம் போய்விட்டது, பயம் போனபிறகுதான் எனக்கு அது இப்போது தேவையில்லை என்று நிதானமாகச் சொல்ல முடிந்தது. நாளைக்குத் தைரோகுளோபுலின் ஏறினால் அதே அறைக்குள் போய் உட்கார நான் தயார்.

உப்புக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அயோடினுக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சாப்பிட வேண்டும்: கடை உப்பு கூடாது, கடல் மீன், கருவாடு, பால், முட்டை மஞ்சள்கரு கூடாது. எடுத்துக்கொள்வேனோ மாட்டேனோ என்று நான் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில், என் பக்கத்து மேஜைக்காரி தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் தன் சித்தப்பாவிடம் சொல்லி, அயோடின் சேர்ப்பதற்கு முந்தின கல் உப்பைப் பாதி மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கூடவே நான் என்ன என்ன சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல். அதில் முதல் வரி, கோவில்பட்டி கடலை மிட்டாய். வேர்க்கடலையும் வெல்லமும்தானே, அயோடின் எங்கே வந்தது! அந்த உப்பு மொத்தமும் மாங்காய் ஊறுகாயாகிவிட்டது, ஜாடி உன் வீட்டுக்கும் வரும்.

லீவு விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாத முதலாளிக்கும், காப்பீட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த தம்பிக்கும், கொத்தமல்லி விதைத் தண்ணீரில் ஆரம்பித்து முட்டைக்கோஸ்தான் காரணம் என்பது வரைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சொந்தங்களுக்கும் நன்றி. எல்லாவற்றையும் படித்தேன், எதையும் செய்யவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். தழும்பு கழுத்து மடிப்போடு மடிப்பாகப் படிந்து வருகிறது. குரல் உச்சத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் பிசிறுகிறது, மகளைத் திட்ட அது போதும்.

அடுத்த பரிசோதனை தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில். அன்றைக்கு யாரும் போன் செய்யாதீர்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் நானே சொல்கிறேன்.