பாட்டிக்கு எண்ணெய் பூசினது பத்தி

பாப்பா,

நேத்து உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல, ஃபாதர் வார்டுக்கு வந்து பாட்டிக்கு எண்ணெய் பூசினார்னு சித்தி சொன்னதும் பாட்டி போகப் போறாங்கன்னு நீ மெல்போர்ன்ல தனியா உக்காந்து அழுதிருக்க. இல்லம்மா. அது நோயாளிகளுக்குன்னு நம்ம கத்தோலிக்க சபையில செய்யற சடங்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி பாட்டியே தான் கேட்டாங்க.

அந்தக் காலத்துல அவஸ்தைப்பூசுதல்னு சொல்லி மூச்சு இழுக்குற நேரத்துல தான் சாமியார கூப்பிடுவாங்க, அவர் வாசல்ல கால் வச்சாலே வீட்டுல ஒப்பாரி ஆரம்பிச்சிடும், அந்தப் பயம் இன்னும் நம்ம ஜனங்கள விடல. 1962லேர்ந்து 65 வரைக்கும் ரோம்ல ஆயர்கள் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம் தான் இத மாத்துச்சு. பெரிய வியாதி, பெரிய ஆபரேஷன், வயசான தளர்ச்சி எதுக்கும் வாங்கலாம், மறுபடி முடியாம போனா மறுபடியும் வாங்கலாம். முன்ன கண்ணு காது மூக்கு வாய் கை கால்னு பூசுவாங்க, 1972ல போப் ஆறாம் சின்னப்பர் (ஆறாம் பவுல்) நெத்தியும் கையும் போதும்னு ஆக்கினார், ஒலிவ எண்ணெய் கிடைக்காத ஊர்ல வேற தாவர எண்ணெயும் சரின்னார்.

ஆதியிலயும் இப்படித்தான். சீஷர்கள் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி குணமாக்கினாங்கன்னு மாற்கு எழுதியிருக்கார். ஒருத்தன் வியாதியா கெடந்தா மூப்பர்கள கூப்பிட்டு எண்ணெய் பூசி செபிக்கச் சொல்லுங்கன்னு யாகப்பர் நிருபத்துல இருக்கு. பொழைக்கிறதுக்குத் தானே! நல்ல சமாரியன் கூட அடிபட்டவன் காயத்துல எண்ணெயும் திராட்சை ரசமும் தான் ஊத்தினான், அந்த ஊர்ல எண்ணெய் தான் மருந்து.

அதுக்கும் முன்னாடி, கடவுளுக்குன்னு ஒதுக்கி வைக்கிறதுக்கு எண்ணெய். யாக்கோபு தலைக்கு வச்சுப் படுத்த கல்லு மேல ஊத்தினான், ஆடு மேய்ச்சிட்டிருந்த தாவீது தலையில சாமுவேல் ஊத்தினார். மோசேக்கு கடவுள் அந்த எண்ணெய்க்குப் பக்குவமே சொன்னார், வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அந்தக் கால எடை), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அதோட ஒலிவ எண்ணெய், வேற யாரும் சொந்தத்துக்கு இத செய்யக்கூடாதுன்னு கண்டிஷனும் போட்டார். எதிர்வீட்டு ஆன்ட்டி கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்திட்டு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னாங்க, எனக்கு யாக்கோபு கல்லு தான் ஞாபகம் வந்துச்சு. 1888ல இங்க சிங்கப்பூர்ல தமிழ் ஜனங்களுக்காகக் கட்டின நம்ம லூர்து மாதா கோயில்ல, விசுவாசத்த உறுதிப்படுத்துற உறுதிபூசுதல் அன்னிக்கு உன் நெத்தியில பூசினது கிறிஸ்மா தைலம், அது வாசனை சேத்தது, பாட்டிக்குப் பூசினது வேற, நோயாளிகளுக்குன்னே பேராயர் மந்திரிச்ச எண்ணெய்.

ஃபாதர் முதல்ல பேசாம பாட்டி தலையில கை வச்சிட்டு நின்னார். அப்புறம் சின்ன டப்பாலேர்ந்து கட்டைவிரல்ல தொட்டு நெத்தியில சிலுவை போட்டு, ட்ரிப் ஊசி குத்தியிருந்த கைய அசையாம மெதுவா திருப்பி உள்ளங்கையில பூசினார். பாட்டி நல்ல சத்தமா ஆமென் சொன்னாங்க, பக்கத்து பெட் சீனப் பாட்டி கூட திரும்பிப் பாத்தாங்க. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாங்க, அது எனக்குப் போதும்.

இப்ப வீட்டுக்கு வந்தாச்சு, கஞ்சி குடிக்கிறாங்க. வர்ற முதல் வெள்ளி காலைல பத்து மணிக்கு ஃபாதர் நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டு வர்றார், உனக்கு அங்க மத்தியானம், வீடியோ கால்ல வா. பாட்டி முன்னாடி அழாத.

அம்மா