தேய்மானம் என்ற சொல்லைப் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நடவு மும்முரமாக நடக்கிறது. "முழங்கால் வண்டி அச்சுப் போலத் தேய்ந்து போயிற்று, இனிச் சென்னிமலைப் படி நமக்கு இல்லை" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபின் வேறு செய்தி எழுத மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் நெசவுக்காக மிதித்த கால் என்பதால், மூட்டுத் தேய்மானம் (ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்) என்று மருத்துவர் சொன்னதும் நம்பிவிட்டீர்கள். அந்தச் சொல் பாதிதான் உண்மை.

அச்சு தேய்ந்தால் தூள் உதிரும், அத்தோடு சரி. முழங்காலில் உதிர்வது அப்படிக் கிடந்துவிடுவதில்லை. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் இரண்டும் உண்டு, விழுங்கணுக்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அங்கே குடியிருக்கின்றன. குருத்தெலும்பிலிருந்து உதிரும் துணுக்குகள் மூட்டு நீரில் மிதந்து சவ்வை அடையும்போது, கிருமியைக் கண்டுகொள்வதற்கென்றே அமைந்த ஏற்பிகளால் இவ்வணுக்கள் அவற்றையும் உணர்ந்து, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற, அழற்சியைத் (வீக்கமும் வலியும் தரும் எதிர்வினையை) தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அச்செய்தி எட்டியதும் குருத்தெலும்பின் உயிரணுக்கள், குருத்தெலும்புக்கு உறுதி தரத் தாங்கள் கட்டிய கொலாஜன், அக்ரிகேன் என்னும் பொருள்களை அறுக்கும் நொதிகளைத் தாங்களே வெளியிடுகின்றன. துணுக்குகள் இன்னும் உதிர்கின்றன, சவ்வு இன்னும் தடிக்கிறது, டி அணுக்கள் என்னும் வேறு வகை நோய் எதிர்ப்பு அணுக்களும் வந்து சேர்கின்றன. உங்களுக்கு மாலையில் மூட்டு வீங்கி நீர் கோப்பதற்கு இந்தச் சுழற்சி காரணமாக இருக்கலாம். ஆனாலும் விழுங்கணுக்களைப் பழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குப்பையை விழுங்கிப் புண்ணை ஆற்றுகிறவையும் அவைதாம்.

உடல் பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் கூடுதலாக வருகிறது. கையால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்களும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

அப்படியானால் ஊசி போட்டு அடக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு நன்றாகக் கேட்கும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் இந்நோயில் ஏமாற்றத்தையே தந்தன. கனகினுமாப் என்னும் இன்டர்லூக்கின்-1 தடுப்பு மருந்தை 10,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்த தரவுகளை மீண்டும் அலசி 2020இல் வெளியிட்டபோது, மருந்து பெற்றவர்களிடையே முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை குறைவாக இருந்தது தெரியவந்தது. இதயத்துக்காக நடந்த சோதனை என்பதால் அதை முடிவான சான்றாக நான் கொள்ளமாட்டேன். சுவடு என்று மட்டும் சொல்வேன். ஈரோட்டு மஞ்சளைப் பாலில் கலந்து குடிப்பதாக எழுதியிருந்தீர்கள். ருசிக்காகக் குடியுங்கள், அழற்சியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் அதிலுள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம்.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று அளந்திருக்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்து, அந்தப் பாரமும் மூட்டின் தலையில்தான் விழும். ஆகவே வீக்கம் வடியும்வரை மலைப்படி வேண்டாம். காலிங்கராயன் வாய்க்கால் கரை சமதளம்தானே, வலி பொறுக்கும் அளவுக்குக் காலையில் அங்கே நடங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டாமல், சவ்வு தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கலாமா எனக் கேட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மச்சான்