மணாலி–லே சைக்கிள் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: பொருள் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள்

மணாலியிலிருந்து லே வரை மலை சைக்கிளில் ஆட்களை அழைத்துச் செல்லும் நிறுவனங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும், வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களிலிருந்து உங்கள் பயணங்களுக்கு வருகிறவர்களின் சைக்கிளையும் மூட்டையையும் தயார் செய்து அனுப்புகிற வேலை எங்களுடையது. நீங்கள் அனுப்பும் பொருள் பட்டியல்கள் எங்கள் கைக்கு வருகின்றன. பெரும்பாலும் அரைப் பக்கம்தான்: கதகதப்பான உடை, மழைக்கோட்டு, ஸ்பேர் டியூப், அடிப்படை டூல் கிட், மைனஸ் 10 டிகிரி ஸ்லீப்பிங் பேக். ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வர இது போதும். கேலாங்கைத் தாண்டினால் லே வரை மலை சைக்கிளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை கிடையாது. இடையில் பாரலாச்சா, லாச்சுலுங், தங்லங் என்று கணவாய்கள். தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உங்கள் வேனில் இருப்பதும் ஓட்டுகிறவர் பையில் இருப்பதும்தான் அங்கே கதி.

வழிகாட்டி கொண்டு வருவார் என்று விருந்தினர் நினைப்பார்; விருந்தினர் கொண்டு வருவார் என்று வழிகாட்டி நினைப்பார். வழியில் சர்ச்சுவில் கூடாரம் போட்ட பிறகுதான் இரண்டு பேரிடமும் இல்லை என்று தெரியும். அதனால் எங்கள் கோரிக்கை இது: பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே யார் கொண்டு வருவது, எத்தனை, என்ன அளவு என்று மூன்றும் இருக்கட்டும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே அதை அனுப்பிவிடுங்கள்.

முதலில் டீரெயிலர் ஹேங்கர். பின் கியரை மாற்றும் கருவியான டீரெயிலரைச் சட்டத்தோடு பிணைக்கிற, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அலுமினியத் துண்டு அது. சைக்கிள் சாய்ந்தால் சட்டம் உடையாமல் தான் வளைந்து கொடுப்பதற்கென்றே வைத்தது. கொஞ்சம் வளைந்தாலே கியர் சரியாக விழாது. பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டீரெயிலர் ஆரத்தில் சிக்கிச் சக்கரத்தையே கிழித்துவிடும். சைக்கிள் மாடலுக்கு மாடல் இதன் வடிவம் மாறுகிறது. ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது, லே போய்ச் சேர்ந்தாலும் கிடைக்குமென்று நம்ப முடியாது. சொந்தச் சைக்கிளோடு வருகிறவர் இரண்டு ஹேங்கர் கொண்டு வர வேண்டும் என்று பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வரவழைக்க நாளாகும் பொருள் இது. ஆறு வாரம் கேட்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான்.

செயினை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 11, 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் புறப்படும் நாளில் மாற்றக் கூடாது. தேய்ந்த கேசட்டில் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கில்) புதுச் செயின் போட்டால் மிதித்து ஏறும்போது பல் தாவும். மாற்றிய பிறகு உள்ளூர் மேட்டில் நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்தால்தான் அது தெரியவரும். அறுந்த செயினை இணைக்க, செயின் ஸ்பீடுக்கு ஏற்ற குயிக் லிங்க் இரண்டு ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

பிரேக் விஷயத்தில் உங்கள் பட்டியல்கள் காட்டும் மௌனம் எங்களுக்குக் கவலை தருகிறது. தங்லங் லாவிலிருந்து ரும்ட்சே வழியாக உப்ஷிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். பாரலாச்சா பக்கம் பனி உருகிய நீரும் மணலும் கலந்து பிரேக் பேடை அரைக்கின்றன. ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சேற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். சூடேறினால் பிடி தளரும். மெட்டல் பேட் அதிகம் தாங்கும். ஆனாலும் எல்லோரையும் மெட்டல் பேட் வாங்கி வரச் சொல்லிவிட முடியாது. விலை குறைந்த சில டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கும். அவற்றில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கே தேய்ந்து போகும். எனவே டிஸ்க்கில் பொறித்திருப்பதைப் படித்து, தன் பிரேக் மாடலுக்குரிய பேட் இரண்டு ஜோடி கொண்டு வரச் சொல்லுங்கள். புதுப் பேடை ஊரிலேயே மாட்டி, வேகமெடுத்து, முழுவதும் நிற்காமல் நடை வேகத்துக்கு வரும் வரை பிடிப்பதை இருபது தடவை செய்து பழக்கிவிட வேண்டும்.

பிரேக் எண்ணெய் உங்கள் வேனில் இருக்க வேண்டிய பொருள். அதிலும் இரண்டு வகை வேண்டும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டு, பிரேக் மொத்தமாகப் போய்விடும். எந்தப் பாட்டில் எந்தச் சைக்கிளுக்கு என்பதை முதல் நாளே டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டயருக்கு வருவோம். கடல் மட்டத்தில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர், தங்லங் லா உயரத்தில் 37 அளவுக்குக் காட்டும். உள்ளே காற்று கூடுவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. குளிரால் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் டயர் கல்லாக இறுகிச் சரளையில் வழுக்கும். தினமும் காலையில் கேஜ் வைத்துப் பார்த்துக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று வழிகாட்டியின் வேலைப் பட்டியலில் சேருங்கள். அதே காரணத்தால் மேலே கைப்பம்பு ஒவ்வொரு அடிக்கும் பாதிக் காற்றைத்தான் தள்ளும். ஊரில் நூறு அடியில் நிரம்பும் டயருக்கு அங்கே இருநூறு அடி வேண்டும், அதுவும் மூச்சு வாங்குகிற இடத்தில். டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் கைப்பம்பால் உட்கார வைப்பது அநேகமாக முடியாது. சிஓ2 குப்பியை நம்பி விமானத்தில் வரவும் முடியாது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். ஆகவே நின்று அடிக்கும் பெரிய பம்பு வேனின் பொருள். ஓட்டுகிறவர் பையில் டயர் ஓட்டையை அடைக்கும் பிளக் கிட், ஒரு டியூப், டயர் லீவர் இரண்டு, கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு. டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றும் திரவமான சீலன்ட் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். கிளம்பும் வாரத்தில் டயரைத் திறந்து பார்த்து, 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 மி.லி. அளவில் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

பெட்டியில் அடைக்கும் முறையையும் ஒரு பக்கம் சேர்த்தால் நல்லது. இடப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியாமல் முறுக்கிக் கிராங்க்கைக் கெடுப்பவர்கள் நிறைய. எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசரோ மடித்த அட்டையோ செருக வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் லீவர் எங்காவது அழுந்தி பிஸ்டன் வெளியே வந்துவிடும். டீரெயிலரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள்ளே கட்ட வேண்டும். தில்லியிலிருந்து மணாலிக்கு பஸ்ஸில் வந்தாலும் இதே கட்டுதான். பஸ் டிக்கியில் சைக்கிள் மேல் வேறு மூட்டைகள் ஏறும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-அவர், விமானத்துக்கான 100 வாட்-அவர் என்ற வரம்புக்குள் இருக்கிறது.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேட் வைத்த ஷார்ட்ஸ் மூன்று, அதற்குள்ளே ஜட்டி கூடாது, பருத்தி பனியன் வேண்டாம், முழுவிரல் கையுறை, ஓடை கடக்கும் நாளுக்கு மாற்றுச் சாக்ஸ். ஸ்லீப்பிங் பேக் மட்டும் தெளிவாக வேண்டும். ஒரே பையில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எண், உறங்குவதற்கானது அல்ல. மைனஸ் 10 என்று மொட்டையாகச் சொன்னால், கடைக்காரர் எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10 பையை எடுத்துக் கொடுப்பார். 4,200 மீட்டருக்கு மேல் தூங்குகிறவர் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடப்பார். எந்த எண் என்று எழுதுங்கள், அல்லது பையை நீங்களே கொடுங்கள்.

வாடகைச் சைக்கிள் தருகிறீர்கள் என்றால் மாடல் பெயர், சட்ட அளவு, பிரேக் வகை, எந்தக் கை லீவர் முன்பிரேக் என்பதை முன்பணம் வாங்கும் முன்பே தெரிவியுங்கள். வலக்கையால் முன்பிரேக் பிடித்துப் பழகியவருக்கு மாற்றிப் பூட்டிய சைக்கிளைக் கொடுத்தால், அவசரத்தில் பழைய பழக்கம்தான் வேலை செய்யும். சரளை இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்கிவிடும். வருகிறவரிடம் கிராங்க் நடுவிலிருந்து சீட் மேல்முனை வரையுள்ள உயரத்தை மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குங்கள். சொந்த சீட்டும் பெடலும் கொண்டு வரலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் 'விருந்தினர்', 'வேன்', 'வழிகாட்டி' என்று மூன்று பத்தி போட்ட ஒரு தாளில் அடக்கலாம். உங்கள் இப்போதைய பட்டியலை அனுப்பினால், அந்த வடிவில் தமிழில் நாங்கள் ஆக்கித் தருகிறோம். அடுத்த முறை சாலை திறப்பதற்குள் அது கையில் இருந்தால், வருகிறவர்களுக்கு ஹேங்கர் வரவழைக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
சமவெளியிலிருந்து சைக்கிள்களைத் தயார் செய்து அனுப்பும் மெக்கானிக்குகளும் ஓட்டிகளும்